தாய்மாமன் பிளக்ஸ்

நேத்து காலையில எனக்கு ஒருத்தர் மாலை கொண்டாந்தாருண்ணே. ரோஜா மாலை, ஈரம் சொட்டுது. கதவைத் திறந்தா எதுத்த வீட்டு மிலிட்டரி தாத்தா வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்டுமா நிக்கிறாரு. ரெண்டு மாசமா லிஃப்ட்ல ஏறினா என்னையப் பார்க்காம மேல ஓடுற நம்பரையே பார்க்கிற ஆளு. நேத்து என் தோளைத் தட்டுனாரு. இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு, அதுல "ஸ்ட்ராங்" மட்டும் எனக்குப் புரிஞ்சுச்சு. ஆமா, நான் ஸ்ட்ராங்குதான். பரவாயில்லையே, இந்த ஊருலயும் காதுகுத்துன்னா தாய்மாமனுக்கு மாலை போடுற வழக்கம் இருக்கேன்னு எனக்கு ஒரே சந்தோசம். அவரு மாலையைக் கையில வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள எட்டி எட்டிப் பார்க்கிறாரு. வெக்கப்படுறாரு போலன்னு நானே வாங்கி என் கழுத்துல போட்டுக்கிட்டேன். கும்பிட்டேன். சிரிச்சேன்.

அந்த ஆளு மூஞ்சி போன போக்கு இருக்கே! எல்லையில நின்னு துப்பாக்கியெல்லாம் பார்த்த மனுசன், அப்படியே பின்னாடி போயி செருப்பு ஸ்டாண்டுல இடிச்சுக்கிட்டாரு.

எனக்கு அப்பத் தெரியாதுண்ணே. அந்த அபார்ட்மென்ட்ல முக்கால்வாசிப் பேருக்கு நான் செத்துப்போயிருந்தேன்.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். நீங்க திண்டுக்கல்லதான இறங்கணும்? அப்ப நேரம் கிடக்கு, இப்பத்தான் ஓசூரே வருது. பட்டாணி எடுத்துக்கங்க.

என் பேரு சோணைமுத்து. மதுரை, செல்லூரு. பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரி போயிருச்சு. எப்படியும் கேட்கத்தான் போறீங்க, நானே சொல்லிர்றது. மறுபடி எழுதுன்னாங்க, எழுதல. சரி, பெங்களூர்ல அக்கா வீட்டுல இருந்து ஏதாச்சும் வேலையைப் பாருன்னு அனுப்பிவிட்டாங்க. வேலையையும் பார்க்கல. அக்கா பேரு நாகஜோதி. மச்சான் பேரு தவமணி, கம்ப்யூட்டர் கம்பெனி. அவங்களுக்கு ஒரு பாப்பா, தக்‌ஷிதான்னு பேரு. எங்க அம்மா வாயில அது வராது, போன்ல "தச்சுமா"ங்கும்.

அந்தப் பாப்பாவுக்குத்தான் நேத்து காதுகுத்து.

காதுகுத்தை ஏன் மதுரையில வைக்காம பெங்களூர்ல வச்சாங்கன்னு கேட்பீங்க. கேட்கலையா? சரி, கேட்கலைன்னாலும் சொல்றேன், அது தெரியலைன்னா மத்தது விளங்காது. அக்கா கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்ல பிளக்ஸ் வச்சாங்கண்ணே. மச்சான் வீட்டு ஆளுக வச்சது. அதுல எங்க அப்பா போட்டோ கீழ் மூலையில, தபால்தலை சைசு. மச்சானோட சித்தப்பா ஒருத்தர், ஆட்டோ ஸ்டாண்டுல பொருளாளரோ என்னமோ, அவரு போட்டோ மேல, வாசக்கதவு சைசு, காதுல செல்போனோட. பொண்ணைப் பெத்தவன் நானா அவனான்னு எங்க அப்பாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். தாலி கட்டுற வரைக்கும் வாயைத் திறக்கல. கட்டுனதும் திறந்தாரு. அவங்களும் திறந்தாங்க. மைக் வேற ஆன்ல இருந்துச்சு. அதோட சரி, நாலு வருசமா ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. இவங்க வந்தா அவங்க வர மாட்டாங்க, அவங்க வந்தா இவங்க வர மாட்டாங்க. அக்கா நியாயமா ரெண்டு பக்கமும் கூப்பிட்டுச்சு. நியாயமா ரெண்டு பக்கமும் வரல.

ஆனா தாய்மாமன் இல்லாம காது குத்த முடியாதுல்ல. பாப்பாவை மடியில வச்சுக்கிற ஆளு வேணும். அந்த ஆளு நான் ஒருத்தன்தான். அதனால எனக்கு அந்த வீட்டுல கொஞ்சம் மரியாதை. ரெண்டு மாசமா வெட்டியா இருந்தும் தோசை நெய்யோடதான் வந்துச்சு.

ஒண்ணு சொல்றேண்ணே. ஊரை விட்டு வெளியூர் போனவங்க எல்லாம் என்னத்தைத் தேடுறோம்னு சொல்வாங்க? மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா, கோயில் கோபுரம். எல்லாம் பொய். மல்லிகைப்பூ பெங்களூர்லயே தெருவுக்குத் தெரு விக்குது. ஜிகர்தண்டா மச்சானே செஞ்சு பிரிட்ஜுல வச்சாரு, அவரே குடிக்கல. கோபுரம்? செல்லூர்ல இருந்த வரைக்கும் அக்கா அது பக்கம் தலைவச்சுப் படுத்தது கிடையாது, "கூட்டம்டா, எவன் போறது"ங்கும்.

அக்கா தேடுறது மேகலா அத்தையை. எங்களுக்குச் சொந்தம் இல்ல, மூணாவது வீடு. குழாயடியில தினம் அக்காகூட சண்டை போடும். குடம் இடிச்சிருச்சுன்னு ஆரம்பிக்கும், உன் வம்சம் என் வம்சம்னு போகும், தண்ணி நிக்கவும் சண்டையும் நிக்கும். சாயங்காலம் பார்த்தா கிண்ணியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து, "ஏ நாகு, என்னடி குழம்பு? வாசம் தெரு வரைக்கும் வருது"ன்னு நிக்கும். பெங்களூர்ல யாரும் இடிக்கவே மாட்டேங்கிறாங்கண்ணே. லிஃப்ட்ல கூட ஒதுங்கி ஒதுங்கி நிக்கிறாங்க. எந்நேரமும் "சாரி". கால்ல மிதிச்சவனும் சாரி, மிதி வாங்குனவனும் சாரி. இப்படி இருந்தா எங்கிட்டுப் போயி சண்டை போடுறது?

ஒரு நாள் கொரியர்காரப் பையன் பார்சலைக் கீழ் வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டான். அவனை அக்கா போன் போட்டு வரவழைச்சு, வாசல்லயே நிக்க வச்சு, நல்லா வாங்கு வாங்குன்னு வாங்குச்சு. அவன் தர்மபுரிப் பையன், தமிழ்லயே திருப்பிப் பேசுனான். முடிச்சுட்டு உள்ள வந்துச்சு பாருங்க, மூஞ்சி அப்படித் தெளிஞ்சிருந்துச்சு. அவனுக்கு டீயும் குடுத்துச்சு. அப்புறம் ஒரு வாரம் எதையாச்சும் ஆர்டர் போட்டுக்கிட்டே இருந்துச்சு. மச்சான் என்னன்னு கேட்டதுக்கு, "வடிகட்டி தேவைப்பட்டுச்சு"ன்னுச்சு. மூணு வடிகட்டி கிடக்கு வீட்டுல.

எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லண்ணே. நான் எதையும் தேடல. சாயங்காலம் எலக்ட்ரானிக் சிட்டி பாலத்துக்குக் கீழ போயி நின்னு, மதுரை போர்டு போட்ட பஸ்ஸுக போறதைப் பார்ப்பேன். அது சும்மா, வேடிக்கைதான். டிரைவருகளுக்குக் கையை ஆட்டுவேன். ஒருத்தர் திருப்பி ஆட்டுவாரு. தினமும் எல்லாம் போகல, மழை பெஞ்சா போக மாட்டேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். அபார்ட்மென்ட் பேரு லேக் பெர்ல். லேக்கும் கிடையாது, பெர்லும் கிடையாது, பின்னாடி ஒரு சாக்கடை இருக்கு. ஏ, பி, சின்னு மூணு பிளாக்கு. நாங்க பி. எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப்பு. தண்ணி நிக்கிற நேரம் பார்த்து வாளியில பிடிச்சு வைக்கணும்னு மச்சான் என்னையும் அதுல சேர்த்து விட்டிருந்தாரு. போன வாரம் அக்கா அந்தக் குரூப்ல, பாப்பாவுக்குக் காதுகுத்து, எல்லாரும் வந்து வாழ்த்தணும், சாப்பாடு உண்டுன்னு இங்கிலீஷ்ல போட்டுச்சு. மச்சான்கிட்ட ரெண்டு வாட்டி திருத்தி வாங்கித்தான் போட்டுச்சு. போட்டுட்டு போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நாலு பேரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுனாங்க. அஞ்சாவதா ஒருத்தர், "பி பிளாக் சிவப்பு கார் என் இடத்துல நிக்குது, தயவுசெய்து எடுக்கவும்"னு போட்டாரு. அது எங்க காரு.

மச்சான் கேட்டாரு, "சாப்பாடு எத்தனை பேருக்குச் சொல்லட்டும் நாகு? முப்பது சொல்லவா?"

"எதுக்கு? நாலு பேருக்கு நானே பொங்கிருவேன்."

சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு. மிக்ஸி ஓடுற சத்தம் கேட்டுச்சு, ரொம்ப நேரம் கேட்டுச்சு. நான் தண்ணி குடிக்கப் போனேன். பார்த்தா மிக்ஸியில ஒண்ணுமே இல்லண்ணே. வெறும் ஜாரு ஓடிக்கிட்டு இருக்கு. அக்கா அந்தப் பக்கம் திரும்பி நிக்குது. நான் மிக்ஸியை நிப்பாட்டுனேன். கரண்ட் வேஸ்ட்டு.

அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. செல்லூர்ல காதுகுத்துக்கு யாரு போன்ல மெசேஜ் போடுறாங்க? பிளக்ஸ் வைக்கணும். பிளக்ஸ் வச்சாத்தான் அது விசேசம். பிளக்ஸ் இல்லாத காதுகுத்துக்கு நானா இருந்தாலும் போக மாட்டேன். ஆனா அக்கா நான் வந்த அன்னைக்கே சொல்லிருச்சு, "இந்த வீட்டுல பிளக்ஸ்னு ஒரு பேச்சு வரக்கூடாது, அதால நான் பட்டது போதும்"னு. அதனால சொல்லாம செஞ்சேன். சொல்லாம செஞ்சா பேச்சு வராதுல்ல?

என் கூட்டாளி சிக்கந்தர் சிம்மக்கல்ல பிளக்ஸ் கடையில வேலை பார்க்கிறான். போன் போட்டேன்.

"மாப்ள, தாய்மாமன்னா சும்மாவா? நடுவுல நீதான்டா. பாப்பாவை மேல போட்டுக்கலாம்."

"என்கிட்ட நல்ல போட்டோ இல்லடா."

"சிரிக்காத போட்டோ அனுப்பு. சிரிச்சா கெத்து போயிரும்."

நான் சிரிக்காம இருக்கிறது ஒரே போட்டோவுலதான், பரீட்சை ஹால்டிக்கெட்டு போட்டோ. மீசை இல்லாம, எண்ணெய் வச்சு வழிச்சுச் சீவி, என்னமோ நடக்கப் போகுதுன்னு தெரிஞ்ச மாதிரியே பார்த்துக்கிட்டு இருப்பேன். அதை அனுப்புனேன். அவன் கெத்துக்காகக் கருப்பு வெள்ளையா மாத்திட்டான். சுத்தி ஒரு பூமாலை. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுடரோட. மேல மேகத்துக்கு நடுவுல பாப்பா, முதுகுல றெக்கையோட, என்னையக் கை நீட்டிக் கூப்பிடுது. கீழ வரிசையா நம்ம பயலுக ஒன்பது பேரு, கும்பிட்ட கையோட. அதுல ஒருத்தன் கூலிங்கிளாஸ். நடுவுல எழுத்து: "பெங்களூரே வழிவிடு! எங்கள் தங்கம் வருகிறான்!" அடியில நேத்தைய தேதி, காலை 10.30.

ஊருல பார்த்தா எவனும் ஒண்ணும் நினைக்க மாட்டான். ஒவ்வொரு முக்குலயும் இதே மாதிரிதான கிடக்கு. நல்லா யோசிச்சுப் பாருங்க, தமிழ் படிக்கத் தெரியாத ஆளு ஒருத்தன் இதைப் பார்த்தா என்ன நினைப்பான்? எனக்கு இதெல்லாம் அப்பத் தோணல. வருமான்னு மட்டும்தான் கவலை. பஸ்ஸுல போட்டு விட்டான், போயி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்குள்ள நுழையிற இடத்துல மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவுல கட்டப் போனேன். வாட்ச்மேன் பிஸ்வஜித், அஸ்ஸாம்காரரு. பேப்பர் ஒட்டுனாலே கத்துற ஆளு. விடமாட்டாருன்னுதான் போனேன். பிளக்ஸை விரிச்சுக் காட்டுனதும் தொப்பியைக் கழட்டிட்டாருண்ணே. போட்டோவைத் தொட்டாரு, நெஞ்சைத் தொட்டாரு. என்னையப் பார்த்து "பாய்? பாய்?"னாரு. சரி, இங்கிலீஷ்ல பையன்ங்கிறாருன்னு நானும் தலையை ஆட்டுனேன். இந்தியில அது அண்ணன்தம்பியாம், பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அவரே ஏணி கொண்டாந்து, அவரே கட்டிவிட்டு, எனக்கு ஒரு டீயும் வாங்கிக் குடுத்தாரு. தாய்மாமனுக்கு எங்க போனாலும் மரியாதைதான்னு நினைச்சுக்கிட்டு வந்து படுத்தேன்.

நேத்து காலையில மிலிட்டரி தாத்தா மாலையோட வந்தாரா. அவரு செருப்பு ஸ்டாண்டுல இருந்து நிமிர்றதுக்குள்ள கீழ் வீட்டு மலையாளத்து டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும் வந்துட்டாங்க. கையில பெரிய டப்பா நிறைய இட்லி, பிளாஸ்க்குல காப்பி. நேரா உள்ள வந்தாங்க. அக்கா அப்பத்தான் தலைக்குக் குளிச்சுட்டு, முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு வெளிய வருது. டீச்சர் போயி அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அக்காவுக்கு ஏன்னு தெரியல. ஆனா கையை எடுக்கல.

அப்படியே நின்னாங்க ரெண்டு பேரும். டீச்சர் கண்ணுல தண்ணி வந்துச்சு. அதைப் பார்த்து அக்கா கண்ணுலயும் வந்துச்சு. அப்புறம் அக்கா சத்தமாவே அழுதுருச்சுண்ணே, தோள்ல சாஞ்சுக்கிட்டு. டீச்சர் முதுகைத் தடவி விடுறாங்க. மச்சான் பல்லு விளக்குற பிரஷ்ஷோட நிக்கிறாரு. நான் கழுத்துல மாலையோட நிக்கிறேன். எதுக்கு அழுகுறாங்கன்னு யாருக்கும் தெரியல, ஆனா நிப்பாட்டவும் மனசு வரல. பொம்பளைக அழுதா நான் ஒண்ணும் கேட்க மாட்டேன், கேட்டா நம்மளையும் இழுத்துருவாங்க. இட்லியைத் திறந்து பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்துச்சு.

அடுத்து செகரட்டரி ஷைலஜா மேடம் வந்தாங்க. கன்னடக்காரங்க, தமிழ் அரைகுறையாப் பேசுவாங்க. கூட ஆறேழு பேரு. மேடம் சத்தம் இல்லாம உள்ள வந்து ஹாலைச் சுத்திப் பார்த்தாங்க. கீழ பாய் விரிச்சிருக்கான்னு தேடுனாங்க போல. அப்புறம் என்னையப் பார்த்தாங்க. போனை எடுத்து அதுல இருந்த பிளக்ஸ் போட்டோவைப் பார்த்தாங்க. என்னையப் பார்த்தாங்க. போனைப் பார்த்தாங்க. என் மீசையை விரலால மறைச்சுப் பார்த்தாங்க.

"இது நீனா?"

"ஆமா மேடம். தாய்மாமன்."

"நீ செத்துப்போகல்லியா?"

"இல்லையே மேடம்."

"ஏன்?"

நான் கழுத்துல இருந்த மாலையைச் சரி பண்ணிக்கிட்டேன்.

அப்புறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. கருப்பு வெள்ளை போட்டோ, மாலை, விளக்கு, கும்பிட்டு நிக்கிற ஒன்பது பேரு. கீழ 10.30ன்னு இருந்ததைப் பார்த்துட்டு, பத்தரைக்கு எடுக்கிறாங்க, அதுக்குள்ள போயிருவோம்னு கிளம்பி வந்திருக்காங்க. துக்க வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்கன்னு ஆளாளுக்குச் சாப்பாடு வேற. மேகத்துல பாப்பா கையை நீட்டுறதைப் பார்த்து ஒரு அம்மா நைட்டு தூங்கவே இல்லையாம்.

அக்கா மெதுவா என் பக்கம் திரும்புச்சு.

"பிளக்ஸ் வச்சியா?"

"சின்னதுதான்கா. பத்துக்கு எட்டு."

தோசைக் கரண்டியை எடுத்துச்சு. நான் சோபாவைச் சுத்தி ஓடுறேன், அது பின்னாடி வருது. "எருமை! எருமை! அப்பன் ஒரு பிளக்ஸுல குடியைக் கெடுத்தாரு, மிச்சத்தை நீ கெடுக்க வந்தியா! என்னைய அழுக வேற வச்சுட்டியேடா!" நல்லா செல்லூர்க் குரலுண்ணே, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலு. அந்தக் குரல் அதுக்கு இன்னும் இருக்குன்னே எனக்கு நேத்துதான் தெரியும். மாலையில இருந்து ரோஜா கொட்டிக்கிட்டே வருது. ரெண்டாவது சுத்துல டீச்சர் சிரிக்க ஆரம்பிச்சாங்க. கண்ணுல தண்ணி இன்னும் காயல, அப்படியே சிரிக்கிறாங்க. அப்புறம் ஷைலஜா மேடம். மிலிட்டரி தாத்தா நான் ஓடுற பக்கமாக் கையைக் காட்டி அக்காவுக்கு வழி சொல்றாரு, லெப்ட்ல வா, ரைட்ல மடக்குன்னு. அவரு சொன்ன மாதிரி வந்துதான் அக்கா என்னையப் பிடிச்சுச்சு. நாலு அடி. முதுகுல இன்னும் இருக்கு, சாய முடியல பாருங்க.

அடிச்சு முடிச்சதும் ஷைலஜா மேடம் சொன்னாங்க, "குரூப்ல ஹாக்கு. இல்லாட்டி எல்லாரும் பருவாங்க." அவங்க பாஷையில ஹாக்குன்னா போடு, பருவாங்கன்னா வருவாங்க.

அக்காவும் மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லுச்சு, "போடுடா. நான் உயிரோடதான் இருக்கேன், யாரும் வர வேண்டாம்னு இப்பவே போடு."

நானும் டைப் பண்ணுனேன். என் இங்கிலீஷ்ல. அமுக்கப் போறேன், பெல் அடிக்குது. ஏ பிளாக்ல இருந்து ஒரு குடும்பம், கையில ஒரு அண்டா உப்புமா. அக்கா போயி கதவைத் திறந்துச்சு. "வாங்க! வாங்க வாங்க! உள்ள வாங்க, உக்காருங்க, அவன் சாகல, அங்கதான் நிக்கிறான் தடிமாடு, நீங்க உக்காருங்க!"

நான் போனைப் பையில போட்டுட்டேன்.

அப்புறம் வந்துக்கிட்டே இருந்தாங்கண்ணே. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவாங்க, என்னையப் பார்ப்பாங்க, அலறுவாங்க, மத்தவங்க எல்லாம் சிரிப்பாங்க, அவங்களும் உக்காந்துருவாங்க. அப்புறம் அடுத்து வர்றவங்க அலறுறதைப் பார்க்கிறதுக்காகவே ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. ஒரு பெரியம்மா மட்டும் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துட்டுத்தான் உக்காந்துச்சு. ஹால்ல இடம் பத்தல, வாசல்ல நாற்காலி போட்டோம். முப்பது பேருக்குச் சாப்பாடு சொல்லாததே நல்லதாப் போச்சு. அவங்க கொண்டாந்ததே அறுபது பேரு திங்கலாம்.

ஆசாரி சிவாஜிநகர்ல இருந்து வந்தாரு. தமிழரு, கேட்டுலயே பிளக்ஸைப் படிச்சுட்டு, "எங்கப்பா அந்தத் தங்கம்?"னுதான் உள்ள வந்தாரு. பாப்பா என் மடியில உக்காந்துச்சு. ஊசியைப் பார்த்ததும் கத்துச்சு பாருங்க. ஏ பிளாக் ஆந்திரா அம்மா ஒண்ணு ஓடியாந்து பாப்பா தலையைப் பிடிச்சுக்கிச்சு. அக்கா, "நீங்க விடுங்க, நான் பிடிக்கிறேன்"னுச்சு. அந்தம்மா விடல. "நாலு பிள்ளைக்குப் பிடிச்சவ நான்"ங்குது. "என் பிள்ளை தலை எனக்குத் தெரியாதா"ங்குது இது. அவங்க தெலுங்குல, அக்கா செல்லூர்ல. ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள ஆசாரி ரெண்டு காதையும் குத்திட்டுக் கையைக் கழுவிட்டாரு. பாப்பாவே கத்துறதை நிப்பாட்டிட்டு இவங்களை வேடிக்கை பார்க்குது. சாயங்காலம் அந்த ஆந்திரா அம்மா ஊறுகாய் பாட்டிலோட மறுபடி வந்துச்சு. சமாதானத்துக்குன்னு நினைச்சேன். இல்ல, மிச்சச் சண்டைக்கு. எட்டு மணி வரைக்கும் போட்டாங்க.

பிளக்ஸை நேத்தே கழட்டியாச்சு. மிலிட்டரி தாத்தா அவரு காரை மூடுறதுக்குக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. இப்ப அவரு கார் மேல நான் மல்லாக்கப் படுத்துக் கிடக்கேன்.

ஊருக்கு ஏன் போறேன்னா, அம்மாதான் கூப்பிடுது, கெமிஸ்ட்ரி எழுதித் தொலைடான்னு. எனக்கு ஊரு ஞாபகம் எல்லாம் ஒண்ணும் வரலண்ணே. கண்டக்டர் சில்லறைக்கு வஞ்சாரு பாருங்க இப்ப, "காலங்காத்தால ஐநூறை நீட்டுறியேடா, நான் என்ன பேங்க்கா"ன்னு. அது காதுல விழுகவும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்.

காலையில அக்காதான் பஸ் ஏத்தி விட வந்துச்சு, பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு. பாப்பா காது ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கு. பஸ் வர்ற வரைக்கும் என்னைய வஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பஸ் வந்ததும் போனை எடுத்துக் காட்டுச்சு. சி பிளாக்ல இருந்து ஒரு அம்மா மெசேஜ் போட்டிருக்கு. அவங்க எல்லாம் நேத்து மொத்தமா எங்கயோ டூர் போயிட்டு நைட்டுதான் வந்தாங்களாம். வர்றப்ப கேட்டுல பிஸ்வஜித் அழுது அழுது விசயத்தைச் சொல்லியிருக்காரு. அந்த ஆளுக்கு மட்டும் யாருமே நான் சாகலைன்னு சொல்லல போல. சி பிளாக் பொம்பளைக எல்லாரும் சேர்ந்து இன்னைக்குப் பதினோரு மணிக்கு வர்றாங்களாம்.

அக்கா சொல்லுச்சு, "டேய், நேத்தே போடச் சொன்னேன். பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் முதல் வேலையா குரூப்ல போடு. நீ செஞ்சதுக்கு நீதான் போடணும். அவங்க பாட்டுக்கு இட்லியைத் தூக்கிக்கிட்டு வந்துரப் போறாங்க. போட்டுருவல்ல?"

"போட்டுர்றேன்கா"ன்னேன்.

பஸ்ஸு திரும்புற வரைக்கும் அங்கனயே நின்னுச்சு. பாப்பா கையைப் பிடிச்சு அதுதான் ஆட்டி விட்டுச்சு. மச்சான் எட்டு மணிக்கே ஆபீஸ் போயிட்டாரு. பாப்பா வீட்டுக்குப் போனதும் தூங்கிரும், மருந்து குடுத்திருக்கு.

இந்தா, டைப் பண்ணுனது அப்படியே கிடக்குண்ணே, பாருங்க. "ஐ ஆம் நாட் டெட்." ஸ்பெல்லிங் எல்லாம் சரிதான, நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. அமுக்குனாப் போதும். மணி என்ன ஆச்சு? பத்தே முக்காலா? அக்காதான் கூப்பிடுது இப்ப, ரெண்டாவது வாட்டி. போட்டியாடான்னு கேட்கத்தான் இருக்கும்.

போனை அணைச்சு வைக்கிறேன். சார்ஜ் கம்மியா இருக்கு, எழுபதுதான் காட்டுது.